நடு இருக்கையில் இருமியவர்: விமான நிறுவனத்தின் மீது வழக்குப் போடலாமா?

வாசகர் கடிதம்

திருச்சியிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயரைத் தவிர்த்துச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு வயது 72. ஆறு ஆண்டுகளுக்கு முன் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. மாற்றிய சிறுநீரகத்தை உடல் நிராகரித்துவிடாமல் இருக்க, நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மாத்திரைகளை இன்றும் சாப்பிட்டு வருகிறார். சென்ற டிசம்பரில் தம்பி வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்காக அப்பாவும் மகளும் சென்னையிலிருந்து டெல்லிக்கு விமானத்தில் போனார்கள். கூடுதல் கட்டணம் கட்டி முதல் வரிசையில் ஜன்னலோர இருக்கையையும் நடைபாதை ஓர இருக்கையையும் வாங்கினார் மகள். நடு இருக்கையை யாரும் வாங்கமாட்டார்கள், இடைவெளி கிடைக்கும் என்பது கணக்கு. கதவை மூடப் போகும் நேரத்தில் ஒருவர் மூச்சிரைக்க வந்து அந்த நடு இருக்கையில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததிலிருந்து இருமல். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டும் நிற்கவில்லை.

அப்பாவின் உடல்நிலையைச் சொல்லி வேறு இடம் கேட்டபோது, "புறப்பட்ட பின் பார்க்கலாம்" என்றார் பணிப்பெண். புறப்பட்ட பின் கேட்டதற்கு, "காலி இருக்கைகளுக்குத் தனிக் கட்டணம் உண்டு, இப்போது மாற்ற முடியாது" என்றார். முன்பக்கக் கழிப்பறையில் ஆள் இருந்ததால் பின்பக்கம் நடந்துபோன அப்பா, திரும்பும்போது எண்ணிக்கொண்டே வந்தார்: கடைசி ஐந்து வரிசைகளில் நான்கே பேர்.

டெல்லி சேர்ந்த நான்காம் நாள் அப்பாவுக்குக் காய்ச்சல். பரிசோதனையில் கொரோனா. ஒன்பது நாள் மருத்துவமனை, 1,84,000 ரூபாய் செலவு. இப்போது நலமாக இருக்கிறார். ஏப்ரலில் தம்பி மகளுக்குத் திருமணம், மறுபடியும் டெல்லி.

கேள்விகள் நான்கு. "2020-இல் உச்ச நீதிமன்றம் நடு இருக்கையைக் காலியாக விடச் சொன்னதே, அது இப்போது செல்லாதா? மருத்துவச் செலவை விமான நிறுவனத்திடம் வாங்க முடியுமா? இருமியவரைக் கைபேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறேன், முகநூலில் போடலாமா, போலீசில் புகார் கொடுக்கலாமா? ஏப்ரல் பயணத்துக்கு என்ன செய்வது?"

வழக்கறிஞரின் பதில்

சகோதரி, உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். "பேசாமல் ரயிலில் கூட்டிப் போயிருக்கலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். சென்னையிலிருந்து டெல்லிக்குப் பெரும்பாலான ரயில்கள் முப்பது மணி நேரத்துக்கு மேல் ஓடுகின்றன. அதில் எதிர்ப்படுக்கைக்காரர் இருமமாட்டார் என்று யார் உத்தரவாதம் தருவது? அந்தக் கணக்கை விட்டுவிடுங்கள்.

நான் சொல்லப்போவது உங்களுக்குப் பாதி ஏமாற்றமாகத்தான் இருக்கும். அப்பாவுக்கு நோய் தொற்றியதற்காக வழக்குப் போட்டால் அநேகமாகத் தோற்பீர்கள். காலி இருக்கைகள் இருந்தும் இடம் மாற்றித் தர மறுத்ததற்காகப் புகார் கொடுத்தால், அது நிற்கும். இரண்டாவது சிறிய குறைதான். ஆனால் கையில் இருப்பது அதுதான்.

அந்த உச்ச நீதிமன்ற உத்தரவு

நீங்கள் நினைக்கிறபடி ஓர் உத்தரவு எப்போதும் இருந்ததில்லை. உங்களைப் போலப் பலர் இதை என்னிடம் கேட்டிருப்பதால், நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

2020 மார்ச் 23 அன்று சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. இரண்டு பயணிகளுக்கு நடுவில் ஓர் இருக்கை காலியாக இருக்கும்படி இடம் ஒதுக்க வேண்டும் என்றது அது. அடுத்த நாள் நள்ளிரவோடு உள்நாட்டு விமானங்களே நின்றுபோயின. மே 7 அன்று வெளிநாட்டில் சிக்கியவர்களை அழைத்துவரும் வந்தே பாரத் விமானங்கள் தொடங்கின. அவற்றில் நடு இருக்கையிலும் ஆட்களை உட்கார வைக்கிறார்கள், சுற்றறிக்கையை மீறுகிறார்கள் என்று ஏர் இந்தியாவின் விமானி ஒருவரே மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். விஷயம் உச்ச நீதிமன்றத்துக்கு ஏறியது. மே 25, ரம்ஜான் விடுமுறை நாள். அன்றைக்கே காணொலி வழியாக விசாரித்தார்கள். வெளியே ஆறு அடி விலகி நிற்கச் சொல்கிறீர்கள், விமானத்துக்குள் மட்டும் தோளோடு தோள் உரச உட்காரலாமா என்ற பொருளில் தலைமை நீதிபதி பாப்டே கேட்டார். நிறுவனங்களின் வருமானத்தைவிடக் குடிமக்களின் ஆரோக்கியத்தைப் பற்றி அரசு கவலைப்பட வேண்டும் என்றும் சொன்னார். தொலைக்காட்சியில் நீங்கள் பார்த்து நினைவில் வைத்திருப்பது இதைத்தான்.

ஆனால் விசாரணையின்போது நீதிபதி வாய்மொழியாகச் சொல்வது வேறு, கையெழுத்திடும் உத்தரவு வேறு. அன்றைய உத்தரவு, ஜூன் 6 வரை நடு இருக்கைகளோடு பறக்க ஏர் இந்தியாவை அனுமதித்தது. அதன் பிறகு உயர் நீதிமன்றம் முடிவு செய்யட்டும் என்றது. அதே மே 25 அன்றுதான் உள்நாட்டு விமானங்களும் மீண்டும் பறக்கத் தொடங்கின, நடு இருக்கையையும் விற்றுக்கொண்டு!

ஜூன் தொடக்கத்தில் இயக்குநரகம் புதிய உத்தரவு போட்டது. முடிந்தவரை நடு இருக்கையைக் காலியாக விடுங்கள். கூட்டத்தால் முடியவில்லை என்றால், அதில் உட்காருபவருக்கு முகக்கவசம், முகத்தை மறைக்கும் கண்ணாடித்தாள் ஆகியவற்றோடு உடலைச் சுற்றிக்கொள்ளும் மேலங்கியும் கொடுங்கள் என்றது. அந்த நாட்களில் பறந்தவர்களுக்கு நினைவிருக்கும்: மூன்று பேர் வரிசையில் நடுவில் மட்டும் ஒருவர் அறுவை சிகிச்சைக்குக் கிளம்பியவர் போல உட்கார்ந்திருப்பார். ஜூன் 15 அன்று மும்பை உயர் நீதிமன்றம், இந்த ஏற்பாடு போதுமானது என்று நிபுணர் குழுவின் கருத்தைப் பார்த்து ஏற்றுக்கொண்டது. நடு இருக்கை விவகாரம் சட்டப்படி அங்கேயே முடிந்தது.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். "மூன்றில் ஒரு பங்குதான் ஏற்றலாம் என்று விதி இருந்ததே" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது இருக்கைகளைப் பற்றிய விதி அல்ல. ஒரு நிறுவனம் தன் அட்டவணையில் மூன்றில் ஒரு பங்கு விமானங்களை மட்டும் இயக்கலாம் என்பதுதான் பொருள். பறந்த விமானம் நிரம்பி வழியலாம். அந்த வரம்பும் 2021 அக்டோபரில் நீங்கியது. முகக்கவசக் கட்டாயம் 2022 நவம்பர் 16 அன்று போனது. அணிவது நல்லது என்ற அறிவுரை மட்டும் மிஞ்சியது. ஆகவே, சென்ற டிசம்பரில் உங்கள் பக்கத்து இருக்கைக்காரரை முகக்கவசம் போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் அந்தப் பணிப்பெண்ணுக்கு இல்லை.

ஆறு அடியும் பதினேழு அங்குலமும்

நான் மருத்துவர் அல்ல. ஆனால் இந்த வழக்குகளுக்காகப் படிக்க வேண்டியிருந்ததில் சிலவற்றைச் சொல்லலாம். சாதாரண வகுப்பு இருக்கை ஒன்றின் அகலம் பதினேழு, பதினெட்டு அங்குலம். நடு இருக்கை காலியாக இருந்தாலும் ஜன்னலோரத்தில் இருப்பவர் தலைக்கும் நடைபாதை ஓரத்தில் இருப்பவர் தலைக்கும் நடுவே ஏறக்குறைய மூன்று அடிதான் வரும். அரசு சொன்ன ஆறு அடியில் பாதி. முன் வரிசைக்கும் பின் வரிசைக்கும் உள்ள தூரம் அதைவிடக் குறைவு, பெரும்பாலும் 28 முதல் 32 அங்குலம். ஆறு அடி வேண்டுமானால் விமானத்தில் அங்கொருவர் இங்கொருவராகத்தான் உட்கார வேண்டும்.

அதற்காக நடு இருக்கையைக் காலியாக விடுவதால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் வெளியிட்ட ஆய்வில், வைரஸ் துகள்களுக்கு ஆளாவது 23 முதல் 57 சதவீதம் வரை குறையும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். முகக்கவசத்தின் பலனை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. நிறுவனங்களின் கணக்கு வேறு. பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம் 2020 மே மாதத்தில் சொன்னது இது: நடு இருக்கைகளை விட்டால் விமானம் அதிகபட்சம் 62 சதவீதம்தான் நிரம்பும், முதலுக்கு மோசம் இல்லாமல் பறக்கவே சராசரியாக 77 சதவீதம் நிரம்ப வேண்டும். இதில் எந்தக் கணக்கு வென்றது என்பதை நீங்களே நேரில் பார்த்துவிட்டீர்கள்.

விமானக் காற்றைப் பற்றி நாம் அஞ்சும் அளவுக்கு அது மோசமில்லை. கூரையிலிருந்து இறங்கித் தரையோரமாக வெளியேறுகிறது, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை முழுதாக மாறுகிறது. மறுசுழற்சிக்குப் போகும் காற்று, மிக நுண்ணிய துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் வடிகட்டி வழியாகப் போகிறது. ஆனால் பக்கத்தில் இருப்பவரின் இருமல் வடிகட்டிக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே உங்களிடம் வந்துவிடுகிறது. 2020 மார்ச் முதல் நாளில் லண்டனிலிருந்து ஹனோய்க்குப் பறந்த விமானத்தில், இருமலோடு ஏறிய ஒரே பயணியிடமிருந்து 15 பேருக்குத் தொற்றியிருக்கலாம் என்று பின்னர் ஆய்வாளர்கள் கண்டார்கள். அவர்களில் 12 பேர் அவரோடு பிசினஸ் வகுப்பில் இருந்தவர்கள். நம்முடையதைவிடத் தாராளமான இடைவெளி உள்ள வகுப்பு அது. அப்போது முகக்கவசம் கட்டாயமில்லை.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், கூடுதல் பணம் கொடுத்து நீங்கள் வாங்கியது கால் நீட்டும் இடம். அது முழங்காலுக்கு நல்லது. நுரையீரலுக்கு அதனால் லாபமில்லை. பல விமானங்களில் முதல் வரிசைக்கு எதிரேதான் கழிப்பறை. ஏறுகிறவர்கள் எல்லாரும் அந்த வரிசையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

மருத்துவச் செலவு

விமானப் பயணத்தில் உடலுக்கு ஏற்படும் கேட்டுக்கு இழப்பீடு தருவது 1972-ஆம் ஆண்டின் விமானப் போக்குவரத்துச் சட்டம். அதில் மையமான சொல் 'விபத்து'. விமானத்துக்குள் ஒரு விபத்து நடந்திருக்க வேண்டும், அதனால் உடலுக்குக் கேடு வந்திருக்க வேண்டும். வழக்கத்துக்கு மாறான, எதிர்பாராத வெளி நிகழ்வுதான் விபத்து என்று பல நாட்டு நீதிமன்றங்களும் பொருள் கொள்கின்றன. நெருக்கமான இருக்கைகளில் பல மணி நேரம் உட்கார்ந்து காலில் ரத்தம் உறைந்துபோன பயணிகள் பிரிட்டனில் வழக்குப் போட்டார்கள். 2005-இல், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, அது விபத்து ஆகாது என்று தள்ளுபடி செய்தது. பக்கத்து இருக்கைக்காரர் இருமியதை விபத்து என்று நிறுவுவது அதைவிடக் கடினம்.

விபத்து என்றே வைத்துக்கொள்வோம். தொற்று அவரிடமிருந்துதான் வந்தது என்று எப்படி நிரூபிப்பீர்கள்? அவருக்குக் கொரோனா இருந்ததா, ஆஸ்துமாவா, வெறும் தொண்டைக் கரகரப்பா, உங்களுக்குத் தெரியாது. அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது நான்காம் நாள். அதற்குள் விமான நிலையப் பாதுகாப்பு வரிசை, டெல்லி டாக்சி, எண்பது பேர் வந்துபோன புதுமனை புகுவிழா. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த விழா அழைப்பிதழை மட்டும் நீதிமன்றத்தில் நீட்டினால் போதும்.

செலவை மீட்க வேறு வழி இருக்கிறது. அப்பா பெயரில் உள்ள மருத்துவக் காப்பீட்டில் இந்தச் செலவைக் கேட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. கேட்கவில்லை என்றால் இந்த வாரமே கேளுங்கள். பில்களைத் திருப்பிக் கேட்பதற்குப் பாலிசியில் நாள் வரம்பு இருக்கும். தாண்டியிருந்தாலும் காரணம் எழுதி விண்ணப்பியுங்கள்.

இப்போது நிற்கக்கூடிய புகாருக்கு வருகிறேன். புறப்படும் முன் இடம் மாற்ற மறுத்ததில் தவறில்லை. எடைச் சமநிலைக் கணக்கு முடிந்த பிறகு ஆட்களை நகர்த்தத் தயங்குவார்கள். புறப்பட்ட பின் சொன்ன காரணம்தான் விசித்திரம். நீங்கள் உட்கார்ந்திருந்தது கூடுதல் விலை கொடுத்த முதல் வரிசை. கேட்டது அதைவிட மலிவான கடைசி வரிசை. இதற்கு எதற்குத் தனிக் கட்டணம்? மாற்று சிறுநீரகத்தோடு வாழும் 72 வயதுப் பயணி என்று சொன்ன பிறகும் மறுத்திருக்கிறார்கள். இதைச் சேவைக் குறைபாடு என்று வாதிட இடமிருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் திருச்சியிலேயே மாவட்ட ஆணையத்தில் மனு கொடுக்கலாம்; சென்னைக்கோ டெல்லிக்கோ அலைய வேண்டியதில்லை. டிக்கெட் தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை. சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். இருக்கைக்காகக் கட்டிய கூடுதல் தொகையையும், மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகையையும் கேளுங்கள். 1,84,000 ரூபாயை இதில் சேர்த்தால், கவனம் முழுவதும் நிரூபிக்க முடியாத பகுதிக்குப் போய், நிரூபிக்க முடிந்ததும் கெட்டுவிடும்.

அந்தப் புகைப்படம்

போடாதீர்கள். முகம் தெரியும் ஒருவரை "என் அப்பாவுக்கு நோய் பரப்பியவர்" என்று ஊருக்குக் காட்டினால், அவதூறு வழக்கில் நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவராக நிற்க நேரும். போலீஸ் புகாரும் வேண்டாம். உயிருக்கு ஆபத்தான தொற்றைக் கவனக்குறைவால் பரப்புவது இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 271-ஆவது பிரிவில் குற்றம்தான். ஆனால் பரவும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது தெரிந்துகொள்ளக் காரணம் இருந்திருக்க வேண்டும். ஓடி வந்து விமானத்தைப் பிடித்த ஒரு மனிதரின் இருமலை வைத்து அதை நிறுவ முடியாது. கைக்குட்டையால் பொத்திக்கொண்டார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதுவும் அவர் பக்கம்தான் பேசும்.

ஏப்ரல் பயணம்

முதலில் அப்பாவின் சிறுநீரக மருத்துவரைப் பாருங்கள். போகலாமா, தடுப்பூசி எந்த நிலையில் இருக்கிறது, மாத்திரை அளவு பற்றி ஏதாவது உண்டா என்பதெல்லாம் அவர் சொல்ல வேண்டியவை.

போகலாம் என்றால், என் யோசனை இது: நடு இருக்கையை நீங்களே வாங்குங்கள். அப்பா ஜன்னலோரம், நீங்கள் நடுவில், யாராக இருந்தாலும் மூன்றாமவர் நடைபாதை ஓரத்தில். ஜன்னலோரத்தில் இருப்பவரை உரசிக்கொண்டு போகிறவர்கள் குறைவு. டிசம்பரிலும் உங்கள் நடைபாதை ஓர இருக்கையை அந்த மனிதருக்குக் கொடுத்திருந்தால், அவர் மறுக்காமல் மாறியிருப்பார். நடு இருக்கையில் ஆசைப்பட்டு உட்காருகிறவர் யார்? குறை சொல்வதற்காக எழுதவில்லை. அந்தப் பதற்றத்தில் யாருக்கும் தோன்றாது.

வரிசையில் வேறு யாருமே வேண்டாம் என்றால் ஓர் இருக்கையைக் கூடுதலாக வாங்கலாம். ஒரே பயணி இரண்டு இருக்கை வாங்கும் திட்டத்தை 2020 ஜூலையில் இண்டிகோ தொடங்கியது. முன்பதிவுத் தொகையில் 25 சதவீதம் வரைதான் கூடுதல் இருக்கைக்கு என்று அப்போது அறிவித்தார்கள். இப்போது எந்த நிறுவனம் என்ன விலைக்குத் தருகிறது என்பதை வாடிக்கையாளர் சேவையில் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். கூடுதல் இருக்கைக்கும் போர்டிங் பாஸ் எடுங்கள். இல்லாவிட்டால் கடைசி நேரத்தில் ஓடிவரும் இன்னொருவருக்கு அது போய்விடக்கூடும்.

எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும், அப்பாவுக்கும் உங்களுக்கும் முகத்தில் சரியாகப் பொருந்தும் என்-95 முகக்கவசம் இருக்கட்டும். விமான நிலைய வாசலில் போட்டால் டெல்லி டாக்சியை விட்டு இறங்கும்போது கழற்றலாம். சாப்பாட்டைக் கிளம்பும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். முகக்கவசம் போட்டவர்களும் அதைக் கழற்றிச் சாப்பிடும் அந்த இருபது நிமிடத்தில் அப்பா மட்டும் கழற்றாமல் இருப்பது நல்லது. தலைக்கு மேல் இருக்கும் காற்றுக் குமிழைத் திறந்து வையுங்கள். விமானம் நின்றதும் எழுந்து நடைபாதையில் முட்டிக்கொண்டு நிற்கும் கூட்டத்தில் சேராதீர்கள். இறங்குவதற்கு ஐந்து நிமிடம் தாமதமானால் பெட்டி ஒன்றும் ஓடிப்போகாது. இடம் மாற வேண்டும் என்று தோன்றினால், விமானத்தில் ஏறும் முன்பே, வாயிலில் இருக்கும் தரைப் பணியாளரிடம் மருத்துவச் சான்றைக் காட்டிக் கேளுங்கள். கதவு மூடிய பின் கேட்பதைவிட அங்கே கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

கடைசி நேரத்தில் அப்பாவுக்கு முடியாமல் போய் டிக்கெட்டை ரத்து செய்தால், "இது பணம் திரும்பாத டிக்கெட்" என்பார்கள். அடிப்படைக் கட்டணம் திரும்பாமல் போகலாம். வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் அவர்கள் திருப்பித் தந்தே ஆக வேண்டும் என்பது இயக்குநரகத்தின் விதி. கேட்காதவர்களுக்குத் தாமாக நினைவூட்டமாட்டார்கள்.

புகாரை முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு அனுப்புங்கள். திருப்தியான பதில் வராவிட்டால் மத்திய அரசின் ஏர்சேவா தளம், 1915 என்ற நுகர்வோர் உதவி எண், அதன் பிறகு ஆணையம். இடம் மாற்றக் கேட்ட இரண்டு நேரங்களையும், பணிப்பெண் சொன்ன வார்த்தைகளையும் மறக்கும் முன் எழுதி வையுங்கள். கடைசி ஐந்து வரிசைகளில் நான்கே பேர் என்று எண்ணிக்கொண்டே வந்தாரே அப்பா, அதை அவர் கையாலேயே எழுதி, தேதியிட்டு, கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.